காதேஷ், பதினான்கு நாள்

மார்ச் 2
நடக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார், அத்தைதான் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. சரி என்று காதேஷ் போரைக் கையில் எடுத்தேன். கி.மு. 1274, ஒரண்டஸ் ஆற்றங்கரை, இன்றைய சிரியாவில் ஹோம்ஸ் பக்கம். இன்றைய துருக்கிப் பக்கத்து ஹிட்டைட்டுகளின் அரசன் முவத்தல்லி எங்கேயோ அலெப்போ பக்கம் இருக்கிறான் என்று இரண்டு நாடோடிகள் சொன்னதை நம்பி, எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் ஒரே ஒரு படைப்பிரிவோடு முன்னால் போய்க் கூடாரம் அடித்துவிட்டான். முவத்தல்லியோ காதேஷ் ஊருக்குப் பின்னாலேயே தேர்களோடு பதுங்கியிருந்தான்.

மார்ச் 4
ஊசி போட்ட இடம் கல்லாக இறுகிவிட்டது. வெந்நீர் ஒத்தடம்.

மார்ச் 6
எகிப்தின் லக்ஸரில், ராம்சேஸ் கட்டிய ராமேசியம் கோயில் சுவர். ஹிட்டைட் பக்கம் நின்ற அலெப்போ அரசன் ஆற்றில் விழுந்து அக்கரை சேர்ந்தவன், குடித்த தண்ணீர் வெளியே வரட்டும் என்று அவன் ஆட்கள் அவனைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். எகிப்தியர்கள் கேலிக்குத்தான் செதுக்கியிருப்பார்கள். எனக்கோ அவனை விடாமல் பிடித்திருக்கும் கைகள்தான் தெரிகின்றன. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 7
ஜெயித்தது யார்? ராம்சேஸ் தனி ஆளாக வென்றதாகக் கோயில் கோயிலாகச் செதுக்கி வைத்தான். ஆனால் காதேஷ் ஹிட்டைட்டுகளிடமே இருந்தது, பக்கத்து அமுர்ரு நாடும் அவர்களிடமே திரும்பிப் போனது. அப்போது அந்த ஆற்றோடு போனவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? அதன்பின் சமாதானம் வர 15 வருஷம் ஆனது. எனக்கு 14 நாளே தாங்கவில்லை.

மார்ச் 8
லேசாகக் கறை. அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 9
இன்று இல்லை. இல்லவே இல்லை. காலையில் இரண்டு தோசை சாப்பிட்டேன்.
கி.மு. 1259 உடன்படிக்கை. முவத்தல்லி போய்ச் சேர்ந்து, அவன் தம்பி ஹத்துசிலி அரசனாகிவிட்டிருந்தான். வெள்ளித் தகட்டில் எழுதிக்கொண்டார்கள், அதன் களிமண் பிரதி 1906இல் ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்தது. தப்பி ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் கண், காது, வாய், கால் எதற்கும் சேதம் வரக்கூடாது, மனைவி மக்களையும் தொடக்கூடாது என்று அதில் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுத யாருக்குத் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 11
இதைப் படித்திருக்கக் கூடாது. ஹத்துசிலி தன் சகோதரி மதனாசிக்குக் குழந்தை பிறக்க மருந்து கேட்டு ராம்சேஸுக்கு எழுதியிருக்கிறான். அவளுக்கு ஐம்பதா, அறுபது இருக்குமே, அந்த வயதில் மருந்து ஏது என்று பதில். ஆனாலும் ஒரு மந்திரவாதியையும் ஒரு வைத்தியரையும் அனுப்பிவைப்பதாகச் சொல்கிறான். சண்டை போட்ட இரண்டு ராஜ்யமும் அவள் வயதைப் பற்றிப் பேசியிருக்கின்றன, அவள் சொன்னது மட்டும் ஒரு வரிகூட இல்லை. மத்தியானம் முழுக்க அழுதேன்.

மார்ச் 13
ராம்சேஸின் தேர்க்குதிரைகளில் ஒன்றின் பெயர் 'மூத் திருப்தியாயிருக்கிறாள்'. மூத் என்றால் அம்மா.

மார்ச் 15
அந்தத் தலைகீழ் மனிதன் பிழைத்தானா? தூக்கமே வரவில்லை.

மார்ச் 16
டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. மதியத்துக்கு மேல் கூப்பிடுவார்களாம். அத்தை கட்டிக்கொடுத்த புளிசாதம் அப்படியே இருக்கிறது.