வீல்சேரில் போனதால் நின்றுபோன ட்ரான்ஸ்பிளான்ட் அனுமதி

அம்மாவுக்கு 66 வயது. ஆர்-சாப் என்ற முதல் கீமோ முடித்து இரண்டு வருடம் கழித்து லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) திரும்பி வந்தது. அடுத்த கீமோவுக்கு நன்றாகக் கேட்டது, பெட் ஸ்கேனும் சுத்தம். சரி, இனி அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருப்பி ஏற்றும் ஆட்டோலோகஸ் ட்ரான்ஸ்பிளான்ட்தான் என்றார்கள்.

ராத்திரி முழுக்க ரயிலில் வந்த அலுப்பு. ஓபி வரை நீளமான வராண்டா வேறு. அதனால் வீல்சேரில் அழைத்துப் போனோம். பயிற்சி டாக்டர் அம்மாவை எழுந்திருக்கக்கூடச் சொல்லாமல் பைலில் 'ஈகாக் 3' என்று எழுதிவிட்டார். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிப்பவர்களுக்குப் போடும் எண் அது. அம்மா அந்த வாரம்கூடத் தானே குளித்து, தானே சமைத்தவர்.

அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் முன் அனுமதியை நிறுத்தியது. கவுண்டரில் கேட்டால் "டாக்டர் எழுதினத நாங்க மாத்த முடியாதும்மா". ஓபியில் கேட்டால் "அவருக்கு இன்னிக்கு டூட்டி இல்ல". ஊருக்குப் போய் மறுபடி வந்தோம். அதற்குள் நோய் தலைதூக்கிவிடுமோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை.

கடைசியில் சீனியர் டாக்டரிடமே போய், "அளந்து எழுதியதா, பார்த்து எழுதியதா சார்?" என்று கேட்டேன். உடனே பிசியோவைக் கூப்பிட்டார். உடல் தளர்ச்சிக்கு ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: ஒரு வருடத்தில் தானாக நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, அசதி, கைப்பிடி வலு, நடை வேகம், அன்றாட நடமாட்டம். மூன்றில் குறை இருந்தால் தளர்ந்தவர். ஒன்று, இரண்டு என்றால் அந்த விளிம்பில் இருப்பவர். பிசியோ தரையில் டேப் ஒட்டி நாலு மீட்டர் நடக்கச் சொன்னார். அம்மா கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். பிடிமானக் கருவியை அழுத்தியபோதுதான் முள் ஏறாமல் நின்றது. எடையிலும் பிடியிலும் குறை.

எனக்குத் திக்கென்றது. ஆனால் 66 வயதை யாராலும் குறைக்க முடியாது, பிடியைக் கூட்டலாமே! தளர்ந்த உடம்போடு, ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு முன் கொடுக்கும் கடுமையான பீம் கீமோவுக்குள் போனால் தொற்று, நீண்ட நாள் வார்டு, உயிராபத்து எல்லாம் கூடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தேதியைக் கொஞ்சம் தள்ளி முட்டை, சுண்டல், ரப்பர் பட்டைப் பயிற்சி, கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று ஆரம்பித்தோம். எடை ஏறியது. அளந்த எண்களோடு புதுக் கடிதம் போனதும் அனுமதியும் வந்தது.

செல் சேகரிப்பு சிரமமில்லாமல் முடிந்தது. அடுத்து பீம் கீமோ. அதில் மெல்பலான் என்ற மருந்து ஏறும் நேரம் முழுக்க வாயில் ஐஸ் வைத்திருந்தால் வாய்ப்புண் குறையும். நீங்களே கேட்டு வாங்கி வையுங்கள். ரத்தம், பிளேட்லெட் சீட்டில் 'கதிர்வீச்சு செய்தது வேண்டும்' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் சீட்டில் விட்டுப்போய், ரத்த வங்கிக்கும் வார்டுக்கும் அலைந்தேன்.

செல்லைத் திருப்பி ஏற்றிய பிறகு ரத்தத்தில் வெள்ளணு மறுபடி கூடும்வரை படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரைந்துவிடும். கட்டில் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி, முடிந்த வேளையெல்லாம் அதில் உட்கார்த்திதான் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பொதுநிலை திருப்தி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். நடையையும் பிடியையும் மறுபடி அளந்து எழுதாமல் நகர மாட்டேன் என்று நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை பிசியோ அதை வைத்துத்தான் முடிவு செய்தார்.