லத்தீனில் டேட்டிவ்: நம்ம ‘கு’ எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஜெர்மனியில் வரலாறு படிக்கப் போன எனக்கு லத்தீன் தேர்வு கட்டாயம். முதல் தடவை தேறவில்லை. விடைத்தாளைப் பார்த்தால் பாதிச் சறுக்கல் டேட்டிவில், அதாவது நம்ம நான்காம் வேற்றுமைக்கு ஈடான லத்தீன் வேற்றுமையில். மறுபடி படிக்க உட்கார்ந்தபோதுதான் நன்னூல் ஞாபகம் வந்தது. நான்காம் வேற்றுமைக்கு அது சொல்லும் முதல் பொருள் கொடை. லத்தீன்காரர்கள் வைத்த பெயரும் ‘கொடு’ என்ற வினையிலிருந்து பிறந்ததுதான்.

கூடப் படித்தவர்கள் திணறிய இடம் இரட்டை டேட்டிவ். ‘நோஸ்ட்ரிஸ் ஆவுக்சிலியோ வேனிட்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குங்கள்: ‘நம்மவர்களுக்கு உதவிக்கு வந்தான்.’ இரண்டு கு, வேலை முடிந்தது! ‘மிஹி ஃப்ராடெர் எஸ்ட்’ என்றால் ‘எனக்குச் சகோதரன் உண்டு’. (அண்ணனா தம்பியா என்று லத்தீன் சொல்லாது.) ‘மிஹி லிபெர் லெகெண்டுஸ் எஸ்ட்’ கூட ‘எனக்கு இந்தப் புத்தகம் படித்தாகணும்’ என்ற பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் இந்தத் தெம்பில்தான் நான் விழுந்தேன். ‘ரோமுக்குப் போனான்’ என்பதற்கு ‘ரோமாய்’ என்று டேட்டிவில் எழுதினேன். அந்த வடிவத்துக்கு அங்கே ‘ரோமில்’ என்று பொருள்! போய்ச்சேரும் ஊருக்கு லத்தீனில் இரண்டாம் வேற்றுமைதான், ‘ரோமம்’. நமக்கு அது தலைமுடி. ஒரு தடவை சிரித்துவிட்டால் மறக்காது.

அடுத்தது வினைகள். ‘நண்பனுக்கு உதவு’ என்கிறோம். லத்தீனில் ‘உதவு’ என்று பொருள்படும் ‘யுவோ’ என்ற வினையோ ‘நண்பனை’ என்று கேட்கும். மறுபக்கம், ‘அவனை நம்பு’, ‘அவனை மன்னி’ என்று நாம் ‘ஐ’ போடும் இடத்தில் ‘க்ரேடோ’, ‘இக்னோஸ்கோ’ இரண்டும் டேட்டிவ் கேட்கும். பட்டியலை உருப்போடுவதைவிட, குறிப்பேட்டில் பொருளையே மாற்றி எழுதியது எனக்கு உதவியது. ‘இக்னோஸ்கோ’வுக்கு மன்னிப்புக் கொடு, ‘பார்கோ’வுக்கு உயிர்ப்பிச்சை கொடு, ‘நோகெயோ’வுக்குக் கேடு செய், ‘பாரெயோ’வுக்குக் கட்டுப்படு. இப்படி எழுதினால் ‘கு’ தானாக வந்து உட்காரும். ‘க்ரேடோ’வுக்கு மட்டும் எதுவும் சிக்கவில்லை, சிவப்பு மையில் எழுதிவைத்தேன்.

தேர்வில் ‘-இஸ்’, ‘-இபுஸ்’ என்று முடியும் பன்மைச் சொல்லைக் கண்டதும் டேட்டிவ் என்று முடிவுகட்டாதீர்கள். ‘ஆல்’, ‘இருந்து’ போன்ற பொருள் தரும் அப்லேட்டிவ் வேற்றுமையின் பன்மைக்கும் அதே விகுதிதான். முதலில் வினையைத் தேடி அடிக்கோடிடுங்கள், அது யாருக்கு, எதற்கு என்று கேட்கிறதா பாருங்கள், அப்புறம் விகுதிக்கு வாருங்கள். இரண்டாவது தடவை நான் செய்தது இவ்வளவுதான். மதிப்பெண் சுமார், ஆனால் தேறிவிட்டேன்.