ரூட் இல்லாமல் யூனிக்ஸ் சர்வரில் மென்பொருள் நிறுவுதல்

பலர் வேலை செய்யும் சர்வரில் ரூட் அனுமதி, அதாவது நிர்வாகிக்குரிய முழு அதிகாரம், கிடைக்காது. பெரும்பாலான கமாண்ட்-லைன் மென்பொருளுக்கு அது தேவையும் இல்லை. மூலநிரலை இறக்கி, அதோடு வரும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டை ஓட்டும்போது ப்ரிஃபிக்ஸாக (மென்பொருள் போய் அமரும் இடமாக) ஹோம் டைரக்டரிக்குள் ஒரு பாதையைக் கொடுத்தால் போதும். அந்தப் பாதையில் பதிப்பு எண்ணையும் சேர்த்துவிடுவேன். புதியது சரிப்படாவிட்டால் அந்தப் பாதையைச் சுட்டும் சிம்லிங்க்கை (குறுக்குவழிக் கோப்பை) மாற்றிப் பழையதற்குத் திரும்பலாம்.

முதலில் கோட்டாவை, அதாவது டிஸ்க்கில் உங்களுக்கு ஒதுக்கிய அளவை, பாருங்கள். இட அளவுக்குத் தனி வரம்பு, கோப்புகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு என இரண்டும் இருக்கலாம். பைத்தான் தொகுப்புகள் ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகளைக் கொட்டுவதால் எண்ணிக்கைதான் முதலில் தீரும்.

டெம்ப் (/tmp) என்ற தற்காலிக டைரக்டரியில் வைத்து பில்ட் செய்வது, அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக்குவது, வேகம்தான். ஆனால் பல சர்வர்களில் அது ‘நோஎக்ஸெக்’ என்ற அமைப்போடு மவுன்ட் ஆகியிருக்கும் (இணைக்கப்பட்டிருக்கும்); அங்குள்ள எந்தக் கோப்பையும் நேரடியாக இயக்க முடியாது. கான்ஃபிகரே ‘பெர்மிஷன் டினைட்’ என்று நின்றுவிடும். கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லுக்கு அதைக் கொடுத்து ஓட்டினாலும், கம்பைல் செய்த சோதனை நிரலை இயக்க முடியவில்லை என்று பாதியில் நிற்கும். கோப்பின் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் இதற்கு உதவாது. கம்பைலர் மீதும் குற்றமில்லை. பில்டை வேறு டைரக்டரிக்கு மாற்றுங்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் போன்ற கருவிகளுக்காக, தற்காலிக இடத்தைச் சொல்லும் டிஎம்பிடிர் (TMPDIR) என்ற சூழல் மாறியையும் அங்கேயே திருப்புங்கள்.

பில்டை நடத்தும் மேக் (make) கட்டளைக்கு, பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் ஜே (-j) விருப்பத்தைக் கொடுத்தால் பக்கத்தில் எண்ணும் கொடுங்கள், 4 என்பதுபோல. எண் இல்லாவிட்டால் வரம்பே இல்லாமல் வேலைகள் கிளம்பி மற்ற எல்லாரையும் முடக்கும். பொது இயந்திரத்தில் இதைவிட மோசமான பழக்கம் கிடையாது. நிறுவும் முன்பே, மென்பொருளோடு வரும் சோதனைகளை இயக்கும் ‘மேக் செக்’ ஓட்டுங்கள். வரிசைப்படுத்தல் தொடர்பான சோதனை தோற்றால், எல்சி_ஆல் (LC_ALL) மாறியை ‘சி’ (C) என்று வைத்து மீண்டும் பாருங்கள். பல நேரங்களில் மொழி, வட்டார அமைப்பான லொக்கேல்தான் காரணம்.

நிறுவிய பிறகு, கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் (PATH) மாறியின் தொடக்கத்தில், நிரல்கள் இருக்கும் புதிய ‘பின்’ (bin) டைரக்டரியைச் சேர்க்க வேண்டும். அது ஏற்கெனவே பாத்தில் இருந்து, நிறுவிய பிறகும் பழைய நிரலே ஓடினால், பாஷ் ஷெல் அதன் இடத்தை நினைவில் வைத்திருக்கலாம். ஹாஷ் (hash) கட்டளையை ஆர் (-r) விருப்பத்தோடு கொடுத்தால் அது மறந்துவிடும். நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடியை (ldd) அதன் மேல் ஓட்டி, ‘நாட் ஃபவுண்ட்’ என்று எந்த லைப்ரரியாவது வருகிறதா பாருங்கள். வந்தால் லைப்ரரிகளைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியை, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சியில் நிரந்தரமாகப் போடாதீர்கள். அது சம்பந்தமில்லாத நிரல்களையும் தவறான லைப்ரரிக்கு இழுத்துவிடும். லிங்க் செய்யும்போதே (நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும்போதே) ஆர்பாத், அதாவது அந்த நிரலுக்கு மட்டுமான லைப்ரரிப் பாதை, கொடுப்பதுதான் முறை.

நம் ஷெல்லில் ஓடுவதை வைத்து வேலை முடிந்ததென்று நம்பக் கூடாது. அங்கே நம் மாறிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. என்வ் (env) கட்டளையை ஐ (-i) விருப்பத்தோடு கொடுத்து, வெறும் சூழலில் முழுப் பாதையையும் எழுதி ஓட்டிப் பாருங்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளில் வரும் சிக்கலில் பெரும்பகுதி இங்கேயே தெரிந்துவிடும். பல இயந்திரங்களை இணைத்த கிளஸ்டர் என்றால், கணக்கீடுகள் ஓடும் கம்ப்யூட் நோடிலும் ஓட்டுங்கள். நாம் உள்நுழையும் லாகின் நோடில், அதன் பிராசசருக்கே பொருத்தும் ‘மார்ச் நேட்டிவ்’ (-march=native) கொடுத்து கம்பைல் செய்தது, பழைய பிராசசர் உள்ள நோடில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும்.

மற்றவர்களும் பயன்படுத்த வேண்டுமென்றால் நிறுவும் முன் புதிய கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் யூமாஸ்க்கை 022 (மற்றவர்கள் படிக்கலாம், மாற்ற முடியாது) ஆக்குங்கள். கோப்புக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. ஹோம் தொடங்கி வழியிலுள்ள ஒவ்வொரு டைரக்டரிக்கும் எக்ஸ் பிட் (உள்ளே நுழையும் அனுமதி) வேண்டும். ஹோம் 700-இல் (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) இருந்தால் உள்ளே எதை எப்படி வைத்தாலும் அவர்களால் எட்ட முடியாது. அதைத் திறப்பதைவிட, குழுவுக்கென்று உள்ள டைரக்டரியை நிர்வாகியிடம் கேட்டு வாங்கி, தொடக்கத்திலேயே அதை ப்ரிஃபிக்ஸாகக் கொடுப்பது நல்லது. பல நிரல்களுக்குள் ப்ரிஃபிக்ஸ் பாதை அப்படியே பதிந்துவிடுவதால், பிறகு நகர்த்தினால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டிவரும்.