வாடகை மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன்

ஃபைபர் இணைப்புக்குக் கேபிள்காரர் கொண்டுவந்து மாட்டும் வெள்ளைப் பெட்டியைத்தான் நாம் மோடம் என்கிறோம். அதன் சரியான பெயர் ஓஎன்யு. சிலர் ஓஎன்டி என்பார்கள். பில்லில் அதற்கு மாதம் 100 ரூபாய் வாடகை என்றால், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 118. ஆண்டுக்கு 1,416 ரூபாய். வைஃபை இல்லாத சாதாரண ஓஎன்யு கிட்டத்தட்ட அந்தத் தொகைக்குள்ளேயே கடையில் கிடைத்துவிடும். செட்டிநாட்டில் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் எத்தனையோ. உள்ளே ஓடுவது கேமரா மட்டும்தான், பெட்டி வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் போகிறது.

ஆனால் நேரே கடைக்குப் போய்விடக் கூடாது. பழைய டெலிபோன் லைன் பிராட்பேண்டில் யூசர்நேம், பாஸ்வேர்டு, விபிஐ-விசிஐ எண் போட்டால் எந்த மோடமும் ஓடியது. ஃபைபரில் அது நடக்காது. கேபிள்காரர் பக்கம் இருக்கும் ஓஎல்டி என்ற கருவி, உங்கள் பெட்டியின் எண்ணைப் பதிந்து வைத்திருந்தால்தான் அதோடு பேசும். அதனால் முதல் கேள்வி: "வெளியில் வாங்கிய ஓஎன்யுவைப் பதிவு செய்து தருவீர்களா?" மாட்டோம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. பெரிய கம்பெனிகள் பலவும் தங்கள் பெட்டியைத்தான் வைக்கச் சொல்லும். அங்கே பெட்டி இலவசமாக வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கையிலிருக்கும் காசை நல்ல ரவுட்டரில் போடுங்கள்.

தருவோம் என்றால் அடுத்த கேள்வி, ஜிபானா, இபானா? ஃபைபர் லைனில் இவை இரண்டு வகை. ஜிபானில் கீழிறங்கும் வேகம் 2.5 ஜிபிபிஎஸ், இபானில் 1.25. இந்த வேகம் ஒரே இழையில் தொங்கும் வீடுகள் அனைத்துக்கும் பொது. ஒன்றுக்கான பெட்டி மற்றதில் ஓடாது. ஜிபானில் பெட்டியைப் பதிவு செய்ய நான்கு எழுத்தும், அதன்பின் எண்ணும் எழுத்தும் கலந்த எட்டு இடமும் கொண்ட சீரியல் எண் வேண்டும். இபானில் மேக் எண், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள அடையாள எண். எக்ஸ்பான் என்று விற்பவை இரண்டிலும் ஓடும், இப்போது வாங்கத் தோதானது அதுதான். ஆனாலும் ஓஎல்டி ஒரு கம்பெனி, ஓஎன்யு வேறு கம்பெனி என்றால் சில சமயம் பதிவாகியும் இணையம் வராது. கேபிள்காரர் ஏற்கெனவே அதே லைனில் ஓட்டிப் பார்த்த மாடல் எது என்று கேட்டு அதையே வாங்குவது உத்தமம். பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று இறங்காதீர்கள். வேறொரு கம்பெனி பூட்டிய மென்பொருள் உள்ளே இருந்தால் அது வெறும் டப்பா.

கடைசியாக வி-லேன் எண் (லைனுக்குள் உங்கள் இணையம் வரும் தடத்தின் எண்), பிபிபிஓஇ (இணையத்துக்குள் நுழையும் லாகின் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றையும் எழுதி வாங்குங்கள். அதே இழையில் கேபிள் டிவியும் வருகிறதென்றால் டிவி போர்ட் உள்ள பெட்டி தேவை. லேண்ட்லைன் இருந்தால் போன் போர்ட் உள்ளது.

இனி எந்தப் பெட்டி என்பது. இங்கே நம் வீடுகளின் அமைப்புதான் முடிவு செய்யும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீட்டில் முகப்புக்குள் மாட்டிய வைஃபை, செங்கலும் சுண்ணாம்புமாக எழுந்த தடித்த சுவர்களைத் தாண்டி பின்பகுதியான இரண்டாங்கட்டுக்கு வருவதற்குள் செத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு சுவருக்கே திணறும். ஆச்சி பேரனோடு வீடியோவில் பேசுவது அடுப்படிப் பக்கத்தில். நான்கு ஆன்டெனா முளைத்த விலையுயர்ந்த ஓஎன்யு அதற்கு உதவாது. வைஃபை இல்லாத, ஒரே ஒரு கிகாபிட் போர்ட் உள்ள ஓஎன்யுவை முகப்பிலும், தனி ரவுட்டரை முற்றத்தைச் சுற்றிய வளவிலும், அதிலிருந்து கேட்-6 என்ற நெட்வொர்க் வயரில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (வயரில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவியாக) இரண்டாங்கட்டிலும் வைப்பதே சரி. ஓஎன்யு கெட்டால் அது மட்டும் மாறும், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். வயருக்காகப் பளபளக்கும் பழைய பூச்சில் துளை போடாதீர்கள், அதைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது சிரமம். கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரம் வழியாகவும் உத்தரத்தை ஒட்டியும் கொண்டுபோகலாம். திறந்த முற்றத்தின் குறுக்கே செப்பு வயர் இழுக்க வேண்டாம். ஐப்பசி இடியில் முதலில் போவது லேன் போர்ட்தான், இடி வயரில் விழ வேண்டும் என்பதுகூட இல்லை.

பெட்டி மாற்றும் நாளில் கேபிள்காரரை, இழையில் வரும் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரோடு வரச்சொல்லுங்கள். பெரும்பாலான ஜிபான் பெட்டிகள் ஒளியை -8 முதல் -27 டிபிஎம் வரை ஏற்கும். டிபிஎம் என்பது ஒளி பலத்தின் அலகு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. -15 முதல் -24 வரை இருந்தால் நிம்மதி. -26 காட்டினால், இன்று ஓடினாலும் ஒரு மழைக்குப் பின் நின்றுபோகலாம். வளைந்த இழை, அழுக்குக் கனெக்டர், மோசமான ஒட்டு, அணில் கடித்த இடம் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பெட்டி மாற்றினாலும் வீண். கனெக்டர் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனை 8 பாகை சாய்த்துத் தேய்த்தது, நீலம் நேரானது. பச்சையில் நீலத்தைச் சொருகினால் இடையில் காற்று நின்று ஒளி வீணாகும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கலாம்.

பழைய பெட்டியின் செட்டிங் பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு புதியதை மாட்டுங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளியே வரவில்லை. பான் விளக்கு பச்சையில் சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பதிவு நடக்கவில்லை. சீரியல் எண்ணை மறுபடி படித்துச் சொல்லுங்கள், 8-ம் பி-யும் குழம்பும். பான் நிலையாக எரிந்தபின் ஓஎன்யுவின் செட்டிங்கில் பிரிட்ஜ் முறையில் (லாகின் வேலையை ரவுட்டரிடம் விடும் முறை) ஒரு வான் இணைப்பு (வெளி இணையத்தோடு சேரும் இணைப்பு), அதில் வி-லேன் எண். பிபிபிஓஇ விவரம் ரவுட்டரில், எம்டியு (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1492.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அந்த வான் பக்கத்திலேயே போர்ட் பைண்டிங் என்று சிறிய கட்டங்கள் இருக்கும். லேன்-1 கட்டத்தில் டிக் இல்லையென்றால் எல்லாம் பச்சையாக எரியும், இணையம் மட்டும் வராது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பிபிபிஓஇ ஏறவில்லை என்றால், பழைய கருவியின் மேக் எண் அவர்கள் சர்வரில் கட்டியிருக்கலாம். அதை விடுவிக்கச் சொல்ல வேண்டும். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் வேகம் 94-ஐத் தாண்டாமல் நின்றால் லைனைக் குறை சொல்லாதீர்கள். ஒன்று 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் சொருகியிருக்கிறீர்கள், இல்லை கேட்-6 வயரில் நான்கு கம்பிதான் பிடித்திருக்கிறது.

ஓஎன்யுவின் அட்மின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அரை நொடியில் பெட்டி அணைந்து எழுவது தொல்லையென்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். ஆனால் வாங்கும் முன் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டருக்கும் 12 வோல்ட் பின் பொருந்தும், சொருகினால் ரவுட்டர் கெட்டுப்போகலாம்.

பழைய பெட்டியை அடாப்டரோடு ஒப்படைக்கும்போது, அதன் சீரியல் எண் குறித்த ரசீதும் முன்பணமும் கைக்கு வர வேண்டும். அடுத்த மாத பில்லில் பெட்டி வாடகை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அது தானாக நீங்காது.