காலை இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம்

மகனின் பள்ளிக்கூடம் இரண்டு மணிக்குத் தொடங்கும் என்று அலுவலகத்தில் இருந்த பெண் சொன்னபோது, அது மதிய நேரத்துப் பள்ளி போலும் என்று எண்ணிக்கொண்டேன். காலையில் நிதானமாக அவன் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, அரிசிம்பருப்புச் சோறு ஊட்டி, புதுச் சீருடையில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, சரியாக ஒன்றே முக்காலுக்கு அவனைக் கூட்டிப்போய் வாசலில் நின்றேன். காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஓர் ஆசிரியையை அழைத்து வந்தார். அந்த அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளைகள் இன்னும் சற்று நேரத்தில் வீட்டுக்குப் புறப்படுவார்கள், நாளை காலை இரண்டு மணிக்கு வாருங்கள் என்றார். காலையில் ஏது இரண்டு மணி என்று நான் விழித்தது அவருக்குப் பழகிப்போன காட்சியாக இருந்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டி விளக்கினார்.

எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நமது எட்டு அவர்களது இரண்டு. பொழுது சாய்ந்தபின் இரவுக் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். என் வீட்டுக்காரர் எனக்கு ஏழு மாதம் முன்பே அங்கே போய்ச் சேர்ந்தவர்தான் என்றாலும், தொழிற்சாலைக்குள் வெளிநாட்டவர் கணக்கே நடப்பில் இருந்ததால் இந்தச் சங்கதியை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலை அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதப்போவதில்லை.

நாங்கள் போனது 2018 ஆகஸ்டில், தலைநகர் அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 275 கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரிக்கரையில் இருக்கும் ஹவாசா நகருக்கு. அங்கே 2016இல் அரசு ஒரு தொழிற்பூங்காவைத் திறந்து, ஆயத்த ஆடை நிறுவனங்களை வரவழைத்தது. வரிசையாகக் கட்டி வைத்த கொட்டகைகள் 52. தையல் இயந்திரத்தையே முதன்முதலாகப் பார்க்கும் கிராமத்துப் பெண்களுக்கு ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் பழக்கித்தர ஆள் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஆட்களுக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை. கட்டிங்கில் தொடங்கி உற்பத்தி மேலாளர் வரை பனியன் கம்பெனியிலேயே காலம் தள்ளிய என் வீட்டுக்காரருக்கு அழைப்பு வந்தபோது, இரண்டு வருடம் போய்விட்டு வந்தால் வீட்டுக்கடன் தீரும் என்று கணக்குப் போட்டோம். வேலை தேடித் திருப்பூருக்கு வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலப் பிள்ளைகளை அதுவரை வேற்று மனிதர்களாகவே பார்த்திருந்தேன். ஹவாசாவில் வெளியூர்க்காரர்கள் நாங்கள்தான். எங்களுக்கு மூன்று அறை வீடு கிடைத்திருந்தது. நான்கு பேராய்ச் சேர்ந்து ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் அந்த நாட்டுப் பெண்பிள்ளைகளே என்பதுதான் வேறுபாடு.

மணிக் கணக்குக்கு வருகிறேன். அன்றிரவு மூலனூரில் இருக்கும் என் மாமனாரிடம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "இதுல என்ன கண்ணு அதிசயம், உதயாதி நாழிகைதான?" என்று கேட்டுவிட்டார். ஜாதகம் எழுதும்போது பிறந்த நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று குறிப்பதை அவர் சொன்னார். ஒரு நாளைக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம் என்பதை நானும் பள்ளியில் மனப்பாடம் செய்தவள்தான். ஆனால் அதை வைத்து எந்நாளும் ஒரு பொழுதை அளந்ததில்லை. நள்ளிரவில் நாள் மாறுவது மட்டும் என்ன ஞாயம், எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது யாருக்கு அது தெரியப்போகிறது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் மூன்று மணிகள் ஓடின: பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் ஊர்க் கணக்கு, தொழிற்சாலைக்கு வெளிநாட்டவர் கணக்கு, தொலைபேசிக்கு இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கும் நம் ஊர்க் கணக்கு.

ஆண்டுக் கணக்கு அதைவிடக் குழப்பமானது. பள்ளி விண்ணப்பத்தின் மேலே 2011 என்று அச்சிட்டிருந்தார்கள். நாங்கள் திருமணம் செய்துகொண்டதே அந்த ஆண்டில்தான். மகன் பிறந்தது 2012 செப்டம்பர் 9. ஆக, விண்ணப்பத்தின்படி எங்கள் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. அந்நாட்டு நாட்காட்டி நம் பொது ஆண்டுக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்னால் நடப்பது. முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களும், மிச்சமிருக்கும் ஐந்து நாட்களுக்கு, சில ஆண்டுகளில் ஆறு நாட்களுக்கு, பகூமே என்று பதின்மூன்றாவது மாதம் ஒன்றும் உண்டு. ஆசிரியை விரல்விட்டு எண்ணி, இவன் 2004ஆம் ஆண்டு பகூமே 4இல் பிறந்தவன் என்று எழுதிக்கொடுத்தார். வகுப்பில் அந்தக் குட்டி மாதத்தில் பிறந்தவன் இவன் ஒருவனே என்பதால் மொழி தெரியாத பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே ஒரு மரியாதை கிடைத்தது. மொழியையும் அவன்தான் எங்கள் மூவரில் முதலில் பிடித்தான்.

அவர்கள் பேசும் அம்ஹாரிக் மொழியின் எழுத்துகளை நான் கற்றுக்கொண்டது அவனுடைய சுவர் அட்டையிலிருந்து. பூச்சியும் ஏணியும் கோர்த்தது போல இருக்கிறதே, இதை எந்தக் காலத்தில் படிப்பது என்று மலைத்தவள், ஒரு நாள் அவன் வரிசையாக ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தபோது சட்டென்று கையை நிறுத்தினேன். லெ, லு, லி, லா, லே என்று போய்க்கொண்டிருந்தது. நம் உயிர்மெய் வரிசைதான். முப்பத்து மூன்று அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு ஒலிகள், ஆகமொத்தம் 231. நமக்குப் பதினெட்டும் பன்னிரண்டும் பெருகி 216. நாம் கொம்பும் காலும் போடும் இடத்தில் அவர்கள் எழுத்தின் காலை நீட்டுகிறார்கள், அல்லது விலாவில் ஒரு கோடு இழுக்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ள முயன்று மூன்று மாதம் வீணாக்கிய எழுத்து, தமிழ் வழியாக மூன்று வாரத்தில் பிடிபட்டது. கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்தபடி நடந்தேன். தெருவில் ஓடும் ஆட்டோவின் பெயரை மட்டும் கற்க வேண்டியிருக்கவில்லை. அங்கே அதற்குப் பெயரே பஜாஜ்.

சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் செய்த தவறு, ஊரையே பெட்டியில் கட்டிக்கொண்டு போனது. பத்துக் கிலோ உளுந்து, கொள்ளு, ஈரோட்டு மஞ்சள்தூள், உலர்த்திய கறிவேப்பிலை, மிக்ஸி என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனோம். ஹவாசா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிர் இறங்கிவிடும். திருப்பூரில் விடிவதற்குள் பொங்கி வழியும் மாவு அங்கே மறுநாள் மாலை வரை அசையாமல் கிடந்தது. இட்லி கல்லாய் வந்தது. கல்லாய் வந்த இட்லியை மூன்று வாரம் தின்றுகொண்டே ஊரை நினைத்து அழுதேன் என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அது பெரிய துக்கம்தான்.

அதைத் தீர்த்துவைத்தவர் எதிர்வீட்டு அம்மா. அவர்களுடைய இஞ்சேரா, தெஃப் என்னும் மிகப் பொடிசான தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய வட்டக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுப்பது. மேற்புறம் முழுவதும் ஆப்பத்தைப் போலச் சின்னச் சின்னக் கண் விழ வேண்டும். முந்திய மாவின் மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எர்ஷோ என்கிறார்கள். நாம் உறைமோர் எடுத்து வைப்பதுபோல அதைப் பத்திரப்படுத்தி அடுத்த மாவில் ஊற்றுவார்கள். எனக்கும் ஒரு குவளை கொடுத்தார். நான் அதை இட்லி மாவில் ஊற்றிப் புளிப்பில் யாரும் வாயில் வைக்க முடியாதபடி செய்துவிட்டேன் என்பது வேறு கதை. பிறகு அவர், இஞ்சேரா சுட்டு முடித்த கல் ஆறுவதற்குள் என் மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்துத் துணியால் மூடச் சொன்னார். மறுநாள் காலை மாவு பொங்கியிருந்தது. வாரம் இரண்டு நாள் என் பாத்திரம் தெருவைத் தாண்டி அவர் அடுக்களைக்குப் போய்வந்தது.

புதனும் வெள்ளியும் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்கு விரத நாள். ஈஸ்டருக்கு முன்னால் ஐம்பத்தைந்து நாள் தொடர் விரதம். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் அந்நாட்களில் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால், மற்ற நாட்களில் உணவகத்தில் விசாரித்து விசாரித்துச் சாப்பிட வேண்டியிருக்கும். புதன், வெள்ளியில் கேள்வியே இல்லாமல் உட்காரலாம். கடலை மாவில் காய்ச்சிய ஷிரோ, மைசூர்ப் பருப்புக் கூட்டு, மஞ்சள் போட்ட முட்டைக்கோஸ், கீரை எல்லாம் ஒரே தட்டில் வரும். கீரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனையில் நின்ற மரத்தை முருங்கையாக இருக்குமோ என்று பல நாள் பார்த்துவிட்டு, அடிமரம் இவ்வளவு பருத்து இருக்காதே என்று விட்டுவிட்டேன். மூலனூரில் வாக்கப்பட்டவளுக்கு முருங்கையைத் தெரியாமல் போனது அவமானம்தான்: அது முருங்கையின் வேறோர் இனம், ஷிஃபெராவ் என்று பெயர்; தெற்கே கொன்சோ மக்களுக்கு அதன் இலைதான் அன்றாடக் கறி.

புன்னா என்று அவர்கள் சொல்லும் காப்பிக்கு அழைத்தால் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். தரையில் பசும்புல் பரப்பி, பச்சைக் கொட்டையை நம் கண்முன் வறுத்து, இடித்து, மண்கூஜாவில் கொதிக்கவைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்தால் மரியாதையில்லை. நலம் விசாரிப்பதே ஐந்து நிமிடம் ஓடும்: நீங்கள் நலமா, பிள்ளை நலமா, ஊரில் பெரியவர்கள் நலமா என்று. பெரியவரிடம் பேசத் தனி மரியாதைச் சொல்லும் வினைமுடிவும் அந்த மொழியில் உண்டு. நடக்கப் பழகாத குழந்தையையும் ‘வாங்க’ என்று கூப்பிடும் ஊரிலிருந்து போன எனக்கு அது வசதியாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் பிடிபட நாளானது. அன்பு மிகுந்தால் தம் கையாலேயே ஒரு கவளம் உருட்டி அடுத்தவர் வாயில் ஊட்டுவார்கள், குர்ஷா என்று பெயர். முதல்முறை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுபடி ஊட்ட வர அவருக்கு ஓர் ஆண்டு ஆனது.

2020இல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. நோய்த்தொற்றால் விமானங்கள் நின்றன. ஜூன் இறுதியில் நாட்டில் மூண்ட கலவரத்தை ஒட்டி இணையம் மூன்று வாரங்களுக்கு மேல் துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களில்தான் ஊரில் நாத்தனார் மகளுக்குச் சீர் நடந்தது. தாய்மாமன் இல்லாமல் நடந்த சீர். வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்து வைத்திருந்த வீட்டுக்காரர், கைப்பேசி வழியே வெறும் நாதஸ்வரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தார். அழைப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போனதைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் என்று போட்ட கணக்கு நான்கை நெருங்கியது. 2021 நவம்பரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச்சலுகை நின்றது. ஆர்டர்கள் குறைந்தன, தையல் வரிசைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஏப்ரலில் நாங்கள் திரும்பிவிட்டோம். ஏரிக்கரைக்கு மகனைக் கடைசியாக ஒரு முறை கூட்டிப்போனபோது, அவன் பயந்துகொண்டிருந்த ஆளுயர மாராபூ நாரைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

திரும்பி வந்த பிறகுதான் ராகியின் கதை தெரிந்தது. ஹவாசாச் சந்தையில் தகுசா என்ற பெயரில் ராகியைப் பார்த்தபோது, நம் நாட்டிலிருந்து போயிருக்கும் என்றே நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது: ராகி முதலில் பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் என்கிறார்கள் ஆய்வாளர்கள், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்கடந்து இங்கே வந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் களி தின்ற என் மாமனார் இதைச் சில நாள் நம்பவில்லை. நம்பிய பிறகு ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன மாதம் மகன் இஞ்சேரா கேட்டான். தெஃப் இங்கே கிடைக்காததால் ராகி மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சுட்டேன். கண் ஓரளவு விழுந்தது. மாமனார் கொள்ளுப்பருப்போடு தொட்டுத் தின்றுவிட்டு, ஆப்பம் சற்றுப் புளித்துவிட்டது என்றார். எதிர்வீட்டு அம்மாவைக் காணொளியில் அழைத்துக் காட்டினோம். அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து கண்களை எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டு, மாவை எப்போது கரைத்தாய் என்று கேட்டார். நேற்று முன்தினம் காலை இரண்டு மணிக்கு என்றேன்.

மகன் அதை அப்பாருவுக்குத் தமிழில் சொன்னான். "எட்டு மணிக்குத்தான கண்ணு கரைச்ச?" என்று தொடங்கிய மாமனார், பாதியிலேயே நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.