இயர் == இயர்: ஃபில்டர் போட்டும் எல்லா வருஷமும் வருதா?

டேபிள்ல இயர்னு ஒரு நெடுவரிசை இருக்கு, நீங்க எழுதுற ஃபங்ஷன்லயும் இயர்னு ஒரு வேரியபிள், அதுல 2019 இருக்குன்னு வைங்க. ஆர் மொழியில, டிப்ளையர்ங்கிற பேக்கேஜோட ஃபில்டருக்குள்ள (நிபந்தனை ட்ரூ ஆகுற வரிங்கள மட்டும் வச்சுக்குற ஃபங்ஷன்) இயர் == இயர்னு எழுதினா எரர் வராது, வார்னிங்கும் வராது, எல்லா வருஷமும் அப்படியே வந்து நிக்கும். ஏன்னா ஃபில்டர் ஒரு பேரைப் பாத்தா மொதல்ல டேபிளுக்குள்ளதான் தேடும், அங்க கிடைக்கலன்னாதான் வெளிய வரும், இதைத்தான் டேட்டா மாஸ்கிங்னு சொல்றாங்க, அதனால ரெண்டு பக்கமும் அதே நெடுவரிசைதான், எப்பவும் ட்ரூ.

இதுல எனக்கு ரொம்ப பயம் தர்றது வேற. இயர் காலியா, அதாவது என்ஏவா இருக்குற வரிங்க மட்டும் காணாம போயிடும், என்ஏ == என்ஏ போட்டா ட்ரூ வராது, மறுபடி என்ஏதான் வரும், ஃபில்டர் அதைத் தூக்கிடும். 1000 வரி 960 ஆனதும் சரி ஃபில்டர் வேலை செஞ்சிருச்சுன்னு நெனச்சு அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடுவாங்க, கடைசில கிராஃப் வரைக்கும் தப்பு போகும். எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க ப்ளீஸ், டிஸ்டிங்க்ட் போட்டு என்னென்ன வருஷம் மிச்சம் இருக்குன்னு பாருங்க.

வேரியபிள் பேரை மாத்திட்டா போதும்னு நிறைய பேர் சொல்வாங்க. ஒரு தடவை ஓட்டிட்டு விடுற ஸ்க்ரிப்டுக்கு ஓகே, ஆனா ஃபங்ஷனுக்கு அது பத்தாது, நாளைக்கு வேற யாராவது குடுக்குற டேபிள்ல உங்க புதுப் பேர்லயே ஒரு நெடுவரிசை இருந்தா திரும்ப அதே கததான். அதுக்குப் பதிலா எது எங்கேருந்து வரணும்னு நேரா எழுதிடுங்க:

.டேட்டா$இயர் == .என்வ்$இயர்

இடது பக்கம் டேபிள், வலது பக்கம் வெளிய இருக்குற வேரியபிள், குழப்பமே இல்ல. !!இயர்னு போட்டாலும் வேல நடக்கும், எனக்கு .என்வ் தான் படிக்க ஈஸி. .டேட்டா-வுக்கு இன்னொரு நல்ல குணமும் இருக்கு, அந்த நெடுவரிசை டேபிள்லயே இல்லன்னா வெளிய இருக்குற ஏதோ ஒண்ண சத்தமில்லாம எடுத்துக்காம எரர் குடுத்து நிறுத்திடும்.

பைத்தானோட டேபிள் பேக்கேஜான பாண்டாஸ்ல க்வெரி எழுதுறவங்களுக்கு @இயர்னு போட்டா வேரியபிள், சும்மா இயர்னா நெடுவரிசை. டேட்டாபேஸ் பக்கம் போஸ்ட்கிரெஸ் எனக்குப் பிடிச்ச மாதிரி நடந்துக்கும், அதுக்குள்ள ஃபங்ஷன் எழுதுற மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்ல இப்படி பேர் மோதினா எது வேணும்னு தெரியலன்னு எரர் போட்டு நின்னுடும். ஆரக்கிள் டேட்டாபேஸோட அதே மாதிரி மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்ல நெடுவரிசைதான் ஜெயிக்கும், அங்க டெலீட்ல இயர் = இயர்னு எழுதினா இயர் காலியா (NULL) இல்லாத அத்தனை வரியும் போயிடும், அதனாலதான் அங்க பாராமீட்டருக்கு பி_இயர்னு முன்னாடி ஒரு பி சேத்து பேர் வைக்கிறாங்க.