ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு: இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஓர் ஓட்டப்பாதை

பாரிஸின் நடுவிலிருந்து ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் ஏறி, தெற்குக் கிளையின் கடைசி நிலையம் வரை உட்கார்ந்திருந்தால் சேன்-ரெமி-லே-ஷெவ்ரூஸ் வந்துவிடும். இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே காடு. கார் இல்லாமல் மேடு பள்ளத்தில் ஓட நினைப்பவர்களுக்குப் பாரிஸைச் சுற்றி இதைவிடத் தோதான இடம் இல்லை என்பது என் கட்சி. மலை என்று சொல்லத்தான் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆற்றங்கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர், மேட்டின் தலை சுமார் 170 மீட்டர், அவ்வளவுதான். ஆல்ப்ஸ் பக்கத்து ஓட்டக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அந்த மேட்டை ஒரே காலையில் நாலைந்து முறை ஏறி இறங்கச் சொன்னால் அவர்களும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

போன இலையுதிர்காலத்திலிருந்து இங்கே ஒரு வளையப் பாதையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். அடிப்படை யோசனையை வரைபடமே கொடுத்தது. இவெத் ஆறு மேற்கிலிருந்து வருகிறது. ரோதோன் என்ற சிற்றாறு வடமேற்கிலிருந்து இறங்கி, சேன்-ரெமியிலேயே அதில் கலக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காடு மூடிய ஒரு மேடு. இவெத்தை எதிர்த்துப் போய், மேட்டைக் கடந்து, ரோதோனோடு இறங்கி வந்தால் புறப்பட்ட ரயில் நிலையத்துக்கே வந்து சேரலாம். பிரான்சின் தேசிய நிலவரைபட நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவு தாளில் ஐந்து மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு உண்டு. அந்தக் கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தாலே காலுக்கு என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஷெவ்ரூஸ் ஊர் வரை சமதளம். இவெத்தின் கால்வாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் வீடுகளின் பின்புறம் வரிசையாகச் சின்னச் சின்னப் பாலங்கள், பழைய துணி துவைக்கும் துறைகள், ஒரு காலத்தில் தோல் பதனிட்ட கட்டடங்கள். உடம்பைச் சூடேற்ற நல்ல இடம். வேகமாக ஓடினால் எதுவும் கண்ணில் படாது. ஊரைத் தாண்டியதும் தலைக்கு மேலே மத்லேன் கோட்டை நிற்கிறது. இடைக்காலக் கோட்டை. 1985இல் உருவான இந்த வட்டார இயற்கைப் பூங்காவின் அலுவலகம் இப்போது அங்கேதான் இருக்கிறது. நாடகாசிரியர் ரசீன் 1661இல், இருபத்தொரு வயதில், அங்கே நடந்த கட்டட வேலைகளை மேற்பார்வையிட அனுப்பப்பட்டார். பையனுக்கு ஊர் பிடிக்கவில்லை. ஏதோ நாடு கடத்தப்பட்டவரைப் போல, நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 'பாபிலோன்' என்று இடத்தைக் குறித்தார். இன்று அவர் பெயரிலேயே அங்கிருந்து ஒரு நடைபாதை போகிறது!

கோட்டை ஏற்றம்தான் என் அளவுகோல். ஆரம்பத்தில் பாதி தூரத்திலேயே மூச்சு தொண்டைக்கு வந்து, நின்று, மரத்தைப் பிடித்துக்கொள்வேன். இப்போது ஓட்டத்தைக் கைவிடும் இடத்தை நானே முடிவு செய்கிறேன்: சரிவு செங்குத்தாகும் வளைவில் உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி, குறுகிய எட்டு வைத்து நடக்கிறேன். நடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காட்டோட்டப் பந்தயங்களில் முன்வரிசைக்காரர்களே இப்படித்தான் ஏறுகிறார்கள். உச்சியில் மூச்சு மிச்சம் இருப்பதால் உடனே ஓட்டத்தைத் தொடர முடிகிறது. வளையத்தின் மொத்த நேரம் குறைந்ததற்கு ஏற்றத்தில் கூடிய வேகத்தைவிட இதுதான் காரணம்.

இனி மேட்டுத்தளம். இந்தக் காட்டில் கஷ்டம் சரிவில் இல்லை, தட்டையான இடத்தில்தான் இருக்கிறது. மேட்டின் தலையில் களிமண், அதற்குள் 'மெலியேர்' என்ற ஓட்டை ஓட்டையான கல். பாரிஸ் புறநகரின் பழைய வீடுகளில் பழுப்பு நிறத்தில் தெரியுமே, அதே கல்தான். கீழே சரிவு முழுக்க வெளிர் நிற நுண்மணல். மழைநீர் மணலில் உடனே இறங்கிவிடும், களிமண்ணில் இறங்காது. அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை சரிவில் கால் உலர்ந்த மண்ணில் பதிகிறது, மேலே சமதளத்தில் சேறு கணுக்காலைப் பிடிக்கிறது. ஒவ்வோர் எட்டுக்கும் காலணியின் அடியில் ஓர் அடுக்கு ஒட்டி, கடைசியில் இட்லித்தட்டைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல் ஆகிவிடும். கல் வெட்டிய பழைய குழிகள் குட்டைகளாகக் கிடக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகு குளிர்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனிப் பாதை போட்டுக்கொண்டேன். குளிர்காலத்தில் மேட்டைக் குறுக்கே வெட்டிக் கடந்துவிட்டு, சரிவின் இடுப்பளவில் பக்கவாட்டாகப் போகும் ஒற்றையடிப் பாதைகளைப் பிடிக்கிறேன். தூரம் கூடுகிறது, வேகம் குறையவில்லை.

இறக்கத்தில் வேறு சங்கதி. அக்டோபரில் செஸ்நட் மரங்கள் முள்ளுருண்டைகளைப் பாதை முழுக்கக் கொட்டி வைக்கின்றன. ஈர இலைக்கு அடியில் அவை உருளும், பாறையும் மறைந்திருக்கும். எட்டைச் சுருக்கி, கண்ணை நாலடி முன்னால் வைத்து இறங்கினால் முழங்கால் பிழைக்கும். ரோதோன் பக்கம் இறங்கினால் சேன்-லாம்பேர் என்ற சிற்றூர். பதினான்காம் லூயி மன்னர் போர்-ரொயால் மடத்தை இடிக்கச் சொன்னபோது அங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களின் எலும்புகளைக் கொண்டுவந்து ஒன்றாகப் புதைத்த இடம் இந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறது. அங்கிருந்து மிலோன்-லா-ஷப்பேல் வழியாக நிலையத்துக்குத் திரும்பலாம். சேன்-ரெமியில் கூபெர்தேன் குடும்பத்தின் பழைய பண்ணை மாளிகை உண்டு. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியேர் தெ கூபெர்தேனின் குடும்பப் பெயர் அந்த இடத்தோடு சேர்ந்தது. ஓட்டத்தை அங்கே முடிப்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

கணக்கு வைத்துக்கொள்ள இங்குள்ள ஓட்டக்காரர்கள் எளிய முறை ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்ள வேண்டும். 15 கிலோமீட்டர் தூரம், 350 மீட்டர் ஏற்றம் என்றால் உடம்புக்கு 18.5. வாரத் திட்டத்தை இந்த எண்ணில் எழுதத் தொடங்கியதும் திங்கட்கிழமை அலுவலக மாடிப்படியில் முனகுவது நின்றது.

வழி தவறுவது கடினம். வெள்ளை-சிவப்புப் பட்டை நெடுந்தொலைவுப் பாதை, மஞ்சள் உள்ளூர்ப் பாதை, பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதே. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம். காட்டு முகப்பில் 'வேட்டை நடக்கிறது' என்ற பலகையைப் பார்த்தால் விவாதிக்காமல் வேறு சரிவுக்குப் போய்விடுவேன். ஆரஞ்சு நிற மேலாடையும் அதற்காகத்தான். வசந்தத்தில் உண்ணித் தொல்லை. அது கடித்துப் பரவும் லைம் நோய் விளையாட்டுக் காரியம் அல்ல. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, காலுறை விளிம்பு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். மருந்துக்கடையில் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று விற்கிறார்கள். அதன் பிளவில் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, இழுக்காமல் மெல்லத் திருகினால் தலையோடு கழன்று வந்துவிடும்.

அடுத்த திட்டம் வளையம் அல்ல, நேர்கோடு. சேன்-ரெமியில் இறங்கி, தாம்பியேர் மாளிகையைத் தாண்டி, பாறை உருண்டு கிடக்கும் செர்னே ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக ராம்பூயே காட்டுக்குள் நுழைந்து, ராம்பூயே நிலையத்தில் பாரிஸின் மோன்பர்நாஸ் நிலையத்துக்குப் போகும் ரயிலைப் பிடிப்பது. தூரம் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ராம்பூயே பக்கம் மேடு குறைவு, களிமண் அதிகம். ஆகவே மே மாதத்துக்கு முன்னால் இல்லை.